ஐடா ஸ்கடர்

இக்கட்டுரை வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியை நிறுவிய ஐடா சோபியா ஸ்கடரைப் பற்றியது. அதே மருத்துவமனையில் கதிரியல் மருத்துவராகப் பணியாற்றிய ஐடா பி. ஸ்கடர் இவருடைய சகோதரர் மகள் ஆவார்.

ஐடா சோபியா ஸ்கடர் (டிசம்பர் 9, 1870 – மே 24, 1960) தமிழ்நாட்டில் பணியாற்றிய அமெரிக்க மருத்துவரும் கிறித்தவ மறைப்பணியாளரும் ஆவார். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியையும் அதன் மருத்துவமனையையும் தோற்றுவித்தவர் இவரே. இன்று அம்மருத்துவமனை இதய அறுவை, சிறுநீரக மாற்று, தொழுநோயாளர் மறுவாழ்வு போன்றவற்றுக்காகப் பெரிதும் அறியப்படுகிறது. ஆனால் அது தோன்றியது பேறுகாலத்தில் மருத்துவம் கிட்டாமல் இறந்த பெண்களின் பொருட்டாகும். ஆண் மருத்துவர் பெண்களைத் தொட்டுப் பார்ப்பது தகாது என்ற வழக்கம் வலுவாக நிலவிய காலத்தில், பெண்களையே செவிலியராகவும் மருத்துவராகவும் பயிற்றுவிக்கும் நிறுவனங்களை அன்றைய வட ஆற்காடு மாவட்டத்தில் இவர் உருவாக்கினார்.

குடும்பப் பின்னணி

ஐடாவின் பாட்டனார் ஜான் ஸ்கடர் (1793–1855) நியூயார்க் நகரில் மருத்துவராக இருந்தவர். 1819ஆம் ஆண்டு அமெரிக்காவிலிருந்து புறப்பட்டு இலங்கை வந்து, யாழ்ப்பாணத்தில் பண்டத்தரிப்பு என்னும் ஊரில் மருத்துவப் பணியும் சமயப் பணியும் செய்தார். அமெரிக்காவிலிருந்து வெளிநாடு சென்ற முதல் மருத்துவ மறைப்பணியாளர் இவரே எனக் கருதப்படுகிறார். 1836இல் சென்னைக்கு இடம் பெயர்ந்தார். இவருடைய மகன்கள் 1853இல் ஆற்காடு மிஷன் என்னும் அமைப்பைத் தொடங்கினர். இவர்களுள் ஒருவரான சைலஸ் ஸ்கடர் 1866இல் இராணிப்பேட்டையில் மருத்துவமனை ஒன்றை நிறுவினார். நான்கு தலைமுறைகளில் இக்குடும்பத்தைச் சேர்ந்த நாற்பதுக்கும் மேற்பட்டோர் மறைப்பணியில் ஈடுபட்டனர்.

ஐடா, ஜான் ஸ்கடரின் அதே பெயர் கொண்ட மகனுக்கும் சோபியா வெல்டு அம்மையாருக்கும் இராணிப்பேட்டையில் பிறந்தார். சகோதரர் பலருக்கு இடையே ஒரே பெண் குழந்தை. இவருக்கு ஆறு வயது நிரம்பும் காலத்தில் தாது வருடப் பஞ்சம் (1876–78) வந்தது. பட்டினியால் எழுந்து நிற்க முடியாத குழந்தைகளின் வாயில் ரொட்டித் துண்டுகளை ஊட்டிவிட்டதும், தெருவோரம் கிடந்த பிணங்களும் இவர் நினைவில் நிலைத்துவிட்டன. அதன் பின்னர்க் குடும்பம் அமெரிக்கா சென்றது. பெற்றோர் மீண்டும் இந்தியா திரும்பியபோது ஐடா உறவினர் பொறுப்பில் அங்கேயே விடப்பட்டார். பிறகு மாசசூசெட்ஸ் மாநிலத்தில் நார்த்ஃபீல்டு பெண்கள் பள்ளியில் பயின்றார்.

குடும்பத்தில் பெரும்பாலோர் சென்ற வழியில் செல்ல இவருக்கு விருப்பம் இருக்கவில்லை. இந்தியா என்றால் வெயில், பஞ்சம், பெற்றோர் பிரிவு ஆகியவையே இவர் நினைவுக்கு வந்தன. படிப்பு முடிந்ததும் அமெரிக்காவிலேயே திருமணம் செய்து வாழ எண்ணியிருந்தார். 1890இல் தாயார் நோயுற்ற செய்தி வந்ததால் அவரைக் கவனித்துக்கொள்ள மட்டும் திண்டிவனம் வந்தார். தந்தை அங்கு மருத்துவராக இருந்தார்.

திண்டிவனம் நிகழ்ச்சி

ஐடாவின் வாழ்க்கையை மாற்றிய நிகழ்ச்சி திண்டிவனத்தில் ஓர் இரவில் நடந்தது. அவரே பிற்காலத்தில் பலமுறை எடுத்துரைத்ததன் வாயிலாக இது அறியப்படுகிறது.

அன்றிரவு பங்களாவுக்கு ஒருவர் பின் ஒருவராக மூன்று ஆடவர் வந்தனர். முதலில் வந்தவர் இளம் பிராமணர், அடுத்தவர் இசுலாமியர், மூன்றாமவர் மற்றோர் உயர்சாதி இந்து. மூவரும் ஒருவரையொருவர் அறியாதவர்கள். மூவருக்கும் ஒரே இடுக்கண். மனைவி பிரசவ வேதனையில் இருக்கிறாள், குழந்தை பிறக்கவில்லை, மருத்துவச்சியால் இனி ஒன்றும் செய்ய இயலாது என்ற நிலை. மூவரும் ஐடாவையே அழைத்தனர். தமக்கு மருத்துவம் தெரியாது என்றும், தம் தந்தையார் உடனே வருவார் என்றும் ஐடா கூறினார். வேற்று ஆடவர் தம் மனைவியைப் பார்க்க இடமளிக்க இயலாது என்று மூவரும் திரும்பிச் சென்றுவிட்டனர். விடிந்தபின் தெருவில் சாவுப் பறை கேட்டது. விசாரித்து வரச் சொன்னபோது மூன்று பெண்களும் இறந்துவிட்டனர் என்ற செய்தி கிடைத்தது. அன்றே தாம் மருத்துவம் படித்துத் திரும்பி வரப்போவதாக ஐடா பெற்றோரிடம் தெரிவித்தார்.

இந்நிகழ்ச்சி பெரும்பாலும் சமய அழைப்பின் கதையாகவே சொல்லப்பட்டு வந்துள்ளது. மக்கள் நல்வாழ்வு நோக்கில் பார்த்தால் இதில் கவனிக்க வேண்டியது வேறொன்று. மருத்துவமனை தொலைவில் இருந்ததாலோ, செலவுக்குப் பணமின்மையாலோ, வண்டி கிடைக்காமையாலோ அப்பெண்கள் இறக்கவில்லை. பயிற்சி பெற்ற மருத்துவர் ஒருவர் அடுத்த அறையில் இருந்தார். உடன் வர அணியமாகவும் இருந்தார். கணவன்மாரும் அக்கறையற்றவர்கள் அல்லர். நள்ளிரவில் அயலார் வீட்டுக் கதவைத் தட்டியவர்கள். இருந்த மருத்துவத்தை ஏற்கத்தக்க ஒருவர் கையால் பெறுவதற்கு வழியில்லை என்பதே அங்கே நேர்ந்த குறை. தாய் இறப்புகளுக்குக் காரணமான காலத்தாழ்வுகளை மூன்றாகப் பிரித்துக் காட்டும் ஆய்வை 1994இல் தாடியஸ், மேன் ஆகிய இருவர் வெளியிட்டனர். உதவி தேட முடிவு செய்வதில் தாழ்வு, உதவி கிடைக்கும் இடத்தை அடைவதில் தாழ்வு, அடைந்தபின் உரிய மருத்துவம் பெறுவதில் தாழ்வு என்பன அவை. திண்டிவனத்தில் நடந்ததை முதல் வகைக்கு எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம்.

அக்காலப் பேறுகால நிலை

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் பிரசவம் பார்த்தவர்கள் பரம்பரை மருத்துவச்சிகளே. இயல்பான பேறுகளில் அவர்களின் அனுபவம் போதுமானதாக இருந்தது. குழந்தை குறுக்கே கிடந்தாலோ, இடுப்பெலும்பு குறுகியிருந்தாலோ, பேற்றுக்குப் பின் குருதிப்போக்கு நிற்காவிட்டாலோ அவர்களால் செய்யக்கூடியது குறைவு. சிறுவயதுத் திருமணத்தால் உடல் முதிருமுன்பே கருவுற்ற பெண்களுக்கு இடுப்பெலும்புக் குறுக்கம் அடிக்கடி நேர்ந்தது. நாட்கணக்கில் நீடித்த வேதனைக்குப் பின் உயிர் பிழைத்தவர்களும், சிறுநீர்ப்பையில் துளை ஏற்பட்டு ஓயாது நீர் கசியும் நிலைக்கு ஆளாகிக் குடும்பத்தாரால் ஒதுக்கப்பட்டனர். தூய்மையற்ற கைகளாலும் கருவிகளாலும் வந்த காய்ச்சலையும், குருதி அழுத்தம் மிகுந்து வரும் வலிப்பையும் மக்கள் பொதுவாக ஜன்னி என்றே அழைத்தனர். பேறுகாலக் காய்ச்சலுக்கு மருந்து மேலை நாடுகளிலும் இருக்கவில்லை. சல்போனமைடு மருந்துகள் 1936க்குப் பின்னரே பயன்பாட்டுக்கு வந்தன.

பெண் மருத்துவர்கள் இந்தியாவில் அறவே இல்லை என்று கூறுவதற்கில்லை. சென்னை மருத்துவக் கல்லூரி 1875இலேயே மேரி ஷார்லீப் உள்ளிட்ட நான்கு பெண்களைச் சேர்த்துக்கொண்டது. ஷார்லீப்பின் முயற்சியால் 1885இல் சென்னையில் கோஷாப் பெண்களுக்கான மருத்துவமனை தொடங்கப்பட்டது. இன்று அது திருவல்லிக்கேணி கஸ்தூரிபா காந்தி மருத்துவமனை எனப்படுகிறது. இந்தியப் பெண்களுக்கு மருத்துவ உதவி அளிப்பதற்கான டஃபரின் நிதியும் 1885இல் ஏற்பட்டது. வடக்கே லூதியானாவில் எடித் பிரவுன் 1894இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியைத் தொடங்கினார். எனினும் இவ்வுதவிகள் பெருநகரங்களையும் சில பெரிய ஊர்களையும் தாண்டிச் செல்லவில்லை. மாவட்டத்து ஊர்ப்புறப் பெண்களுக்கு நிலைமை மாறாமலேயே இருந்தது.

மருத்துவக் கல்வியும் திரும்புதலும்

ஐடா 1895இல் பிலடெல்பியா பெண்கள் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். நியூயார்க்கில் கார்னெல் பல்கலைக்கழகம் புதிதாகத் தொடங்கிய மருத்துவக் கல்லூரி பெண்களையும் சேர்த்துக்கொண்டதால், இறுதி ஆண்டுப் படிப்பை அங்கு முடித்து 1899இல் பட்டம் பெற்றார். அக்கல்லூரியில் பட்டம் பெற்ற முதல் பெண்களுள் இவரும் ஒருவர்.

வேலூரில் பெண்களுக்கு ஒரு மருத்துவமனை கட்டப் பணம் திரட்டும் பொறுப்பும் இவரிடம் ஒப்படைக்கப்பட்டது. புறப்படும் நாள் நெருங்கியும் பணம் சேரவில்லை. அந்நிலையில் ராபர்ட் ஷெல் என்னும் நியூயார்க் வங்கியாளர், இறந்துபோன தம் மனைவி மேரி டேபர் ஷெல் நினைவாக 10,000 டாலர் அளித்தார். பள்ளித் தோழி ஆனி ஹேன்காக்குடன் கப்பலேறிய ஐடா, ஜனவரி 1, 1900 அன்று வேலூர் வந்து சேர்ந்தார்.

தந்தையிடம் சில ஆண்டுகள் தொழில் பழகலாம் என்று எண்ணியிருந்தார். ஆனால் அதே ஆண்டு மே மாதத்தில் தந்தை இறந்தார். மருத்துவமனை கட்டி முடியும்வரை காத்திருக்காமல், பங்களாவின் சிறிய அறை ஒன்றில் ஒரே ஒரு படுக்கையுடன் மருந்தகம் தொடங்கினார். அறையின் சன்னல் வழியாக மருந்து வழங்கப்பட்டது. வீட்டுப் பணிப்பெண்ணே உதவியாளர்.

தொடக்கத்தில் நோயாளிகள் வரத் தயங்கினர். வந்தவர்களும் பிற வைத்தியங்கள் எல்லாம் பார்த்துக் கைவிடப்பட்ட பின்னரே வந்தனர். சாகுந்தறுவாயில் வரும் நோயாளி இறந்தால், வெள்ளைக்கார அம்மாவிடம் போனதால்தான் இறந்தாள் என்று ஊர் பேசும். அடுத்த நோயாளி இன்னும் தாமதமாக வருவாள். புதிதாகத் தொடங்கப்படும் எந்த மருத்துவ நிலையமும் எதிர்கொள்ளும் சுழல் இது. ஓரிரு நோயாளிகள் குணமடைந்து வீடு திரும்பிய பிறகே அது உடைந்தது. ஆனி ஹேன்காக் வீடு வீடாகச் சென்று உள்ளறைப் பெண்களுடன் பழகி வந்ததும் நம்பிக்கை வளர உதவியது. முதல் இரண்டு ஆண்டுகளில் ஏறத்தாழ 5,000 நோயாளிகளுக்கு ஐடா மருத்துவம் பார்த்தார்.

மேரி டேபர் ஷெல் மருத்துவமனை

40 படுக்கைகள் கொண்ட ஷெல் மருத்துவமனை 1902இல் திறக்கப்பட்டது. அறுவை, மகப்பேறு, குழந்தை மருத்துவம் எல்லாவற்றுக்கும் மருத்துவர் ஒருவரே. ஐடா வெளியூர் சென்றாலோ நோயுற்றாலோ மருத்துவமனையே நின்றுவிடும். பயிற்சி பெற்ற செவிலியர் மிக அரிது. பிறரைத் தொட்டுத் தூய்மை செய்யும் செவிலியர் வேலையை நல்ல குடும்பத்துப் பெண்கள் செய்வது இழிவு என்ற எண்ணம் பரவலாக இருந்தது. 1909இல் டீலியா ஹவுட்டன் என்னும் செவிலியரின் துணையுடன் செவிலியர் பயிற்சிப் பள்ளி ஒன்று இங்கு தொடங்கப்பட்டது. மகப்பேறு இறப்பைக் குறைப்பதில் இப்பள்ளியின் பங்கு மருத்துவப் பள்ளியின் பங்குக்குக் குறைந்ததன்று. கை கழுவி, கருவிகளைக் கொதிக்கவைத்து, குருதிப்போக்கை உடனே கண்டறிந்து சொல்லும் ஒருவர் கட்டிலருகே இருப்பதைப் பொறுத்தே பல உயிர்கள் பிழைத்தன.

இம்மருத்துவமனைக் கட்டடம் பிற்காலத்தில் கண் மருத்துவமனையாக மாற்றப்பட்டது. ஆரணிச் சாலையில் உள்ள ஷெல் கண் மருத்துவமனை அதுவே.

சாலையோர மருந்தகங்கள்

மருத்துவமனைக்கு வர இயலாதவர்களிடம் மருத்துவமனையே செல்லவேண்டும் என்ற எண்ணத்தில், இருபதாம் நூற்றாண்டின் முதற் பத்தாண்டிலேயே வாரம் ஒருமுறை ஊர்ப்புறப் பயணங்களை ஐடா தொடங்கினார். முதலில் மாட்டுவண்டி, பிறகு நன்கொடையாகக் கிடைத்த பிரெஞ்சு நாட்டு பியூஜோ சிற்றுந்து. குதிரையோ மாடோ இல்லாமல் ஓடிவரும் வண்டியைக் கண்டு முதலில் ஊரார் அஞ்சி ஓடினர் என்பர். வேலூரிலிருந்து குடியாத்தம் செல்லும் வழியில் குறிப்பிட்ட மரத்தடிகளில் வண்டி நிற்கும். நாள் தவறாமல் வந்ததால் கைக்குழந்தையோடு தாய்மாரும், கட்டிலில் தூக்கிவரப்பட்ட நோயாளிகளும், ஊருக்குள் விடப்படாத தொழுநோயாளிகளும் அங்கே காத்திருப்பர். புண் கட்டுதல், பல் பிடுங்குதல், கட்டி கீறுதல் முதலியவை மரத்தடியிலேயே நடந்தன. கடினமான பேறு எதிர்பார்க்கப்பட்ட கருவுற்ற பெண்களும் அறுவை தேவைப்பட்டவர்களும் திரும்பும் வண்டியில் வேலூருக்கு அழைத்துவரப்பட்டனர்.

இதைத் தானமாக மட்டும் கருதுவது பொருந்தாது. ஆபத்தான பேற்றை முன்கூட்டியே கண்டறிந்து மேல் நிலையத்துக்கு அனுப்பும் ஏற்பாடு இன்று ஆரம்ப சுகாதார நிலையங்களின் அன்றாடப் பணி. அதன் எளிய வடிவம் ஒன்றை இச்சாலையோர மருந்தகங்களில் காணலாம். வேலூர் மருத்துவமனைக்கும் சுற்றியுள்ள ஊர்களுக்கும் இடையிலான தொடர்பு இவற்றில் தொடங்கியது. அதே குடியாத்தம் வழித்தடத்தில் அமைந்த கீ. வ. குப்பத்தில் கல்லூரி 1977இல் ஊரக நலத்திட்ட மையம் ஒன்றை அமைத்தது.

பெண்கள் மருத்துவப் பள்ளி

ஒரு மருத்துவர் எத்தனை ஊருக்குத்தான் செல்ல இயலும் என்ற கணக்கு ஐடாவை விடாமல் தொடர்ந்தது. அமெரிக்காவிலிருந்து பெண் மருத்துவர்களை வரவழைப்பது அதற்கு விடையாகாது. வருவோர் சிலர், மொழி பழக ஆண்டுகள் ஆகும், விடுப்பில் செல்வர், நோயுற்றுத் திரும்புவர். இந்நாட்டுப் பெண்களையே மருத்துவராக்க வேண்டும் என்று 1910களில் பல மிஷன் அமைப்புகளை ஒன்று சேர்க்க முயன்றார். முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்த காலம் அது. மாகாணத்தின் தலைமை மருத்துவ அதிகாரி கர்னல் பிரைசன் அனுமதி வழங்கினார். ஆனால் மூன்று விண்ணப்பம் வந்தாலே பெரிது என்று கருதினார். ஆறு பேராவது சேர்ந்தால் தொடங்கலாம் என்பது ஏற்பாடு. வந்த விண்ணப்பங்கள் 151.

ஆகஸ்ட் 12, 1918 அன்று சென்னை ஆளுநர் பென்ட்லண்ட் பிரபு பள்ளியைத் தொடங்கிவைத்தார். கற்பித்தது எல்.எம்.பி. எனப்படும் உரிமம் பெற்ற மருத்துவர் படிப்பு. இது பல்கலைக்கழகப் பட்டத்துக்குக் குறைந்தது. செலவும் காலமும் குறைவு. போதிய கட்டடமோ ஆசிரியரோ ஆய்வகமோ இல்லை. உடற்கூற்றியலை ஐடாவே கற்பித்தார். முதலாண்டு அரசுத் தேர்வு எழுதிய 14 மாணவியரும் தேறினர். அவ்வாண்டு மாகாணத்தில் அத்தேர்வு எழுதிய ஆண்களில் ஐவருக்கு ஒருவரே தேறியிருந்தனர். 1922இல் முதல் அணி படிப்பை முடித்தது. இவர்களுள் பலர் மிஷன் மருத்துவமனைகளிலும் சிற்றூர்களிலும் பணியேற்றனர்.

இடநெருக்கடியைத் தீர்க்கப் பெரும்பணம் தேவைப்பட்டது. அமெரிக்காவில் லூசி பீபாடி என்னும் அம்மையார் ஆசியாவிலுள்ள பெண்கள் கல்லூரிகளுக்காக நிதி திரட்டும் இயக்கம் ஒன்றை நடத்தினார். இருபது இலட்சம் டாலர் திரட்டினால் பத்து இலட்சம் தருவதாக ராக்பெல்லர் குடும்ப அறக்கட்டளை ஒன்று முன்வந்தது. ஐடா ஊர் ஊராகச் சென்று பேசினார். இலக்கு எட்டப்பட்டது. வேலூர், சென்னைப் பெண்கள் கிறித்தவக் கல்லூரி உள்ளிட்டவை அதில் பங்கு பெற்றன. நகருக்குள் தோட்டப்பாளையத்தில் புதிய மருத்துவமனை 1924இல் இயங்கத் தொடங்கியது. பள்ளிக்குப் பாகாயத்தில் நிலம் வாங்கப்பட்டு 1932இல் கட்டடங்கள் திறக்கப்பட்டன. காந்தியடிகள் 1928இல் இப்பள்ளிக்கு வருகை தந்தார்.

1938 ஆணையும் கூட்டுக் கல்விச் சிக்கலும்

1937இல் சென்னை மாகாணத்தில் காங்கிரசு அமைச்சரவை பதவியேற்றது. இராஜாஜி முதலமைச்சர், மருத்துவரான தி. சே. சௌ. இராஜன் பொது நல்வாழ்வு அமைச்சர். 1938இல் எல்.எம்.பி. படிப்பை நிறுத்தி, மருத்துவக் கல்வி அனைத்தும் எம்.பி.பி.எஸ். பட்ட அளவில் இருக்கவேண்டும் என அரசு முடிவு செய்தது. இரண்டு தரமான மருத்துவர்கள், ஏழைகளுக்குக் குறைந்த தரம் என்ற நிலை கூடாது என்பது அரசின் வாதம். அது நேர்மையான வாதமே. எனினும் ஊர்ப்புறங்களில் பணியாற்ற இசைந்தவர்களுள் பெரும்பகுதியினர் எல்.எம்.பி. மருத்துவர்கள் என்பதும் உண்மை. இந்த விவாதம் 1946இல் வெளிவந்த போர் குழுவின் அறிக்கையிலும் தொடர்ந்தது. ஒரே தரமான மருத்துவர் போதும் எனப் பெரும்பான்மையினர் பரிந்துரைத்தனர், சிலர் மாறுபட்டனர். இந்தியாவில் ஆண்டுதோறும் சுமார் 2,00,000 பெண்கள் பேறுகாலக் காரணங்களால் இறப்பதாக மதிப்பிட்டதும் இவ்வறிக்கையே. அதாவது ஆயிரம் உயிருள்ள பிறப்புகளுக்கு ஏறத்தாழ 20 தாய்மார்.

வேலூருக்கு இவ்வாணை பேரிடியாக வந்தது. உயர்பட்டம் பெற்ற பேராசிரியர்கள், மேலும் பல படுக்கைகள், ஆய்வகங்கள் ஆகியன இல்லாமல் பல்கலைக்கழக இணைப்புக் கிடைக்காது. ஐடாவுக்கு அப்போது வயது 67. இரண்டாம் உலகப் போரும் தொடங்கிவிட்டது. 1941இல் தமது எழுபதாம் வயதில் மீண்டும் பணம் திரட்ட அமெரிக்கா சென்றார்.

அங்கே எதிர்பாராத சிக்கல் எழுந்தது. பெண்களுக்கு மட்டுமான கல்லூரிக்குத் தனியாக நிதி திரட்டுவது கடினம். ஆண்களையும் சேர்த்துக்கொண்டால் பொது மிஷன் அமைப்புகள் அனைத்தும் உதவும் என்ற யோசனை முன்வைக்கப்பட்டது. லூசி பீபாடி இதைக் கடுமையாக எதிர்த்தார். பெண்களின் பொருட்டுப் பெண்கள் சிறுகச் சிறுகக் கொடுத்த பணம் இது, ஆண்களைச் சேர்த்தால் நாளடைவில் அவர்களே நிறைந்துவிடுவர் என்பது அவர் தரப்பு. நாற்பது ஆண்டுகள் பெண்களுக்காகவே உழைத்த ஐடாவுக்கும் அந்த அச்சம் இல்லாமல் இல்லை. நீண்ட காலம் தயங்கினார். கல்லூரியை மூடுவதா, கதவைத் திறப்பதா என்ற நிலையில் இறுதியில் கூட்டுக் கல்விக்கு இசைந்தார். இதனால் பீபாடியுடனான நெடுநாள் நட்பில் விரிசல் விழுந்தது. யார் எண்ணியது சரி என்று இன்று தீர்ப்புக் கூறுவது எளிதன்று. கல்லூரி பிழைத்தது என்பது மட்டும் உறுதி.

1942இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் எம்.பி.பி.எஸ். வகுப்புக்குத் தற்காலிக இணைப்புக் கிடைத்தது. தொழுநோய் வல்லுநர் ராபர்ட் காக்ரேன் இம்மாற்றக் காலத்தில் முதல்வராகப் பொறுப்பேற்று நடத்தினார். 1946இல் செவிலியர் பட்டப்படிப்பு தொடங்கியது. 1947இல் ஆண் மாணவர்கள் முதன்முறையாகச் சேர்க்கப்பட்டனர். 1950இல் நிலையான இணைப்பு வழங்கப்பட்டது.

பிற்காலம்

ஐடா 1946இல் பொறுப்புகளிலிருந்து ஓய்வு பெற்றார். நாட்டின் விடுதலையை ஒட்டிய ஆண்டுகளில் விசாகப்பட்டினத்தில் பிறந்த மகப்பேறு மருத்துவர் ஹில்டா லாசரஸ் நிறுவனத்தின் தலைமையை ஏற்றார். இப்பொறுப்புக்கு வந்த முதல் இந்தியர் இவரே. கல்லூரியின் தலைமை மகப்பேறு மருத்துவரான இந்தியப் பெண் ஒருவரிடம் சென்றதை ஐடாவின் திட்டம் கைகூடியதன் அடையாளமாகக் கொள்ளலாம்.

ஐடா திருமணம் செய்துகொள்ளவில்லை. கொடைக்கானலில் ஹில்டாப் என்ற தம் இல்லத்தில் இறுதி ஆண்டுகளைக் கழித்தார். மருத்துவர் ஐடா, இந்தியா என்று மட்டும் முகவரி எழுதிய கடிதம் ஒன்று இவர் கைக்கு வந்து சேர்ந்ததாகக் கூறப்படுகிறது. மே 24, 1960 அன்று தமது 89ஆம் வயதில் காலமானார். டாரதி கிளார்க் வில்சன் எழுதிய இவரது வாழ்க்கை வரலாற்று நூல் 1959இல், இவர் உயிரோடு இருக்கும்போதே வெளிவந்திருந்தது.

மதிப்பீடு

ஐடாவின் பணி மதமாற்ற நோக்கம் கொண்ட மிஷன் அமைப்புகளின் பகுதியாகவே நடந்தது. அவரும் அதை மறைத்தவர் அல்லர். பள்ளியில் சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் கிறித்தவப் பெண்கள்; மருத்துவம் பெற்றவர்களில் பெரும்பாலோர் பிற சமயத்தவர். நிறுவனம் வளர வளரச் சிறப்பு மருத்துவத் துறைகள் பெருகி, ஊர்ப்புறத் தாய்மார் பின்னுக்குத் தள்ளப்பட்டனர் என்ற குறையும் கூறப்படுவதுண்டு. மற்றொருபுறம், திண்டிவனத்தில் வந்த மூவரின் வழக்கத்தை மூடநம்பிக்கை எனப் பழித்து ஒதுங்காமல், அவ்வழக்கத்துக்கு உட்பட்டே மருத்துவம் சென்று சேரும் வழியை இவர் தேடினார் என்பது கருதத்தக்கது. ஆண் மருத்துவரை ஏற்குமாறு அப்பெண்களின் குடும்பங்களை மாற்றுவதைவிடப் பெண் மருத்துவர்களை உருவாக்குவது விரைவான வழியாக இருந்தது.

இந்தியாவில் தாய் இறப்பு வீதம் பிற்காலத்தில் பெருமளவு குறைந்தது. மாதிரிப் பதிவுத் திட்டக் கணக்கின்படி 2001–03இல் ஒரு இலட்சம் உயிருள்ள பிறப்புகளுக்கு 301 ஆக இருந்தது 2018–20இல் 97 ஆனது. தமிழ்நாட்டில் இதே காலத்தில் 134இலிருந்து 54 ஆகக் குறைந்தது. குருதி வங்கிகள், நுண்ணுயிர்க் கொல்லி மருந்துகள், கிராம சுகாதாரச் செவிலியர், இருபத்துநான்கு மணி நேர ஆரம்ப சுகாதார நிலையங்கள், அரசின் மகப்பேறு உதவித்தொகை, திருமண வயது உயர்வு, பெண் கல்வி எனக் காரணங்கள் பல. தனி ஒருவருக்கோ ஒரு நிறுவனத்துக்கோ உரிய பெருமையன்று இது. பெண்கள் மருத்துவராவதும் பெண் செவிலியர் ஊருக்கு ஊர் இருப்பதும் இயல்பான நிகழ்வாக ஆவதற்கு உழைத்தவர்களின் வரிசையில், முத்துலட்சுமி ரெட்டி, மேரி ஷார்லீப் ஆகியோருடன் ஐடா ஸ்கடரும் வைத்து எண்ணப்படுகிறார்.

வேலூர் மருத்துவமனையின் நூற்றாண்டையொட்டி இந்திய அஞ்சல் துறை ஆகஸ்ட் 12, 2000 அன்று முதல் நாள் உறை ஒன்றை வெளியிட்டது. அதில் ஐடா இளம் மருத்துவராகக் காட்டப்பட்டுள்ளார்.